கொயர் ப்ளகின்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொயர் லைப்ரரி, அதாவது கூட்டமா பாடுற குரல்களோட ரெக்கார்டிங்க கீபோர்டுல வாசிக்க வைக்குற ப்ளகின் வாங்குனதும் நிறைய பேர் முதல்ல பண்றது, ஒரே பேட்ச (முழு கொயரும் சேர்ந்த ரெடிமேட் சவுண்ட்) லோட் பண்ணி ரெண்டு கையாலயும் பியானோ மாதிரி கார்ட் (ஒண்ணா சேர்ந்து ஒலிக்குற பல நோட்டு) அமுக்குறதுதான், அங்கயே பாதி கெட்டுப்போகுது. சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்னு மேல இருந்து கீழ வரைக்கும் நாலு குரலுக்கும் நாலு ட்ராக் போடுங்க, ஒவ்வொண்ணுலயும் ஒத்தை நோட்டு மட்டும் போகட்டும். சி மேஜர்ல இருந்து எஃப் மேஜருக்கு போறீங்கன்னு வைங்க, கைய அப்படியே நகத்துனா எல்லா குரலும் ஒண்ணா தாவும், எந்த கொயரும் அப்படி பாடாது. சொப்ரானோ சி-லயே நிக்கட்டும், ஆல்டோ ஈ-ல இருந்து எஃப்புக்கு, டெனர் ஜி-ல இருந்து ஏ-க்கு நகரட்டும், பாஸ் மட்டும் தாவட்டும். இத ஒரு தடவ கேட்டுட்டா பழைய மாதிரி வாசிக்க மனசே வராது.

கீபோர்டுல கீ இருக்குங்கறதுக்காக அத தொடணும்னு இல்ல. பாஸ் குரல் ஈ2-க்கு (நடு சி-க்கு கீழ வர்ற ரெண்டாவது ஈ) கீழ போறது ரொம்ப அபூர்வம், அங்க சாம்பிள (ரெக்கார்ட் பண்ண குரல) இழுத்து இறக்குனா ஃபார்மன்ட்டும் (குரலுக்கு அதோட தன்மைய தர்ற அதிர்வுகள்) சேர்ந்து இறங்கி பூதம் பாடுற மாதிரி ஆயிடும்.

அடுத்து மாட் வீல், கீபோர்டுல இருக்குற அந்த சின்ன சக்கரம். இத சும்மா வால்யூம்னு நெனச்சு ஒரே இடத்துல விட்டுடறாங்க. பெரும்பாலான லைப்ரரில சிசி1, அதாவது இந்த வீல் அனுப்புற மிடி கன்ட்ரோல், மெல்ல பாடுன ரெக்கார்டிங்ல இருந்து உரக்க பாடுன ரெக்கார்டிங்குக்கு கொண்டுபோகும், டோனே மாறும், வால்யூமுக்கு சிசி11னு இன்னொரு கன்ட்ரோல் தனியா இருக்கு. நீளமான நோட்டுல ரெண்டும் ஏறி இறங்கிட்டே இருக்கணும், வரி முடியுற எடத்துல மூச்சு விட கொஞ்சம் கேப் விடுங்க.

குவான்டைஸ் பண்ணியும் (நோட்ட தாளத்துக்கு சரியா ஒட்ட வச்சும்) கொயர் லேட்டா கேக்குதா? குரல் மெதுவாத்தான் எழும்பும், ட்ராக்க சில மில்லிசெகண்ட் முன்னாடி தள்ளுங்க.

டைப் பண்ற வார்த்தைய கொயர் பாடுற ஈஸ்ட்வெஸ்ட் வேர்ட்பில்டர் மாதிரி டூல்ல தமிழ் வரி டைப் பண்றவங்க ழ, ள எல்லாம் சுத்தமா வரும்னு நம்பாதீங்க. வரிய லீட் பாடகர் பாடட்டும், கொயர் ஆ, ஓ, ஊன்னு உயிரெழுத்த மட்டும் பிடிச்சாலே போதும், என்ன கேட்டா அதுதான் அழகும்கூட.

ரிவர்ப் (எதிரொலி எஃபெக்ட்) விஷயத்துலயும் உஷாரா இருங்க. ஸ்பிட்ஃபயர் கம்பெனியோட எரிக் விட்டேக்கர் கொயர் லைப்ரரி லண்டன் லிண்ட்ஹர்ஸ்ட் ஹால்ல, அதாவது ஒரு பழைய சர்ச் கட்டடத்துல ரெக்கார்ட் ஆனது, அந்த எதிரொலி சாம்பிள்லயே இருக்கு. அதுமேல இன்னொரு பெரிய ஹால் ரிவர்ப போட்டா எல்லாம் கொழகொழன்னு ஆயிடும், முதல்ல ப்ளகின்லயே தூர மைக்க கொறைச்சு க்ளோஸ் மைக்க ஏத்தி பாருங்க. முடிஞ்சா ரெண்டு நிஜக் குரல சன்னமா மேல சேருங்க, சொப்ரானோ லைனுக்கு மட்டும் சேத்தாலே வித்தியாசம் தெரியும்.