பார்த்துவிட்டுப் போகிறவரை வாடிக்கையாளராக்குவது எப்படி? திருகோணமலைக் கருவாட்டை வைத்து ஓர் எளிய விற்பனைப் புனல்

திருக்கடலூர்க் கரையில் படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். புனலின் அகன்ற வாயில் ஊற்றினால், ஒடுங்கிய குழாய் வழியாகச் சிந்தாமல் தாங்கிக்குள் இறங்கும். வியாபாரத்தில் விற்பனைப் புனல் என்று சொல்லப்படுவதற்கும் இதே உருவம்தான், ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எண்ணெய்ப் புனலில் மேலே ஊற்றியது முழுவதும் கீழே வந்து சேரும். விற்பனைப் புனலிலோ மேலே பார்ப்பவர்கள் பலர், நடுவே விசாரிப்பவர்கள் சிலர், கீழே வாங்குபவர்கள் மிகச் சிலர்; பெரும்பகுதி வழியிலேயே ஒழுகிவிடும். ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து அடைக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

இந்தச் சிந்தனை இணையத்தோடு பிறந்தது அன்று. அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த எல்மோ லூயிஸ் 1898ஆம் ஆண்டளவில், கவனத்தை ஈர், ஆர்வத்தைத் தக்கவை, விருப்பத்தை உண்டாக்கு என்று மூன்று படிகளைச் சொல்லி, பின்னர் செயலுக்குக் கொண்டுவா என்ற நான்காவதையும் சேர்த்தார் என்பர். 1924இல் வில்லியம் டவுன்சென்ட் அந்தப் படிகளைப் புனலின் உருவத்தோடு இணைத்தார்.

அநேகமானோர் இந்தப் புனலை மேலிருந்து கட்டத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சின்னம்மா காயவைக்கும் நெத்தலிக் கருவாட்டைப் படமெடுத்துப் பேஸ்புக்கில் போட்டு, கொஞ்சம் பணமும் செலவழித்துப் பலருக்குக் காட்டினேன். ஒரே இரவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட செய்திகள் வந்து குவிந்தன. விலை என்ன, கொழும்புக்கு அனுப்புவீர்களா, பணத்தை எப்படிக் கட்டுவது என்று கேட்டவர்களுக்கு என்னிடம் ஆயத்தமான பதில் எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் யோசித்து யோசித்து எழுதி முடிப்பதற்குள் இரண்டு நாட்கள் கடந்துவிட்டன. வாங்கியவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அன்றிலிருந்து புனலைக் கீழிருந்து மேலாகவே கட்ட வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்லி வருகிறேன்.

முதற்படி: வாங்கும் வாசலைச் சீர்செய்தல்

ஒரே ஒரு பொருளை, ஒரே அளவில், ஒரே விலையில் தேர்ந்தெடுங்கள். பத்து வகைக் கருவாட்டையும் ஒன்றாகப் பரப்பினால், புதிதாக வருபவர் எதை எடுப்பது என்று தெரியாமல் பிறகு பார்க்கலாம் என்று போய்விடுவார். அடுத்ததாக, விலையை மறைக்காதீர்கள். "விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்" என்று எழுதும் வழக்கம் நம்மிடையே பரவிக் கிடக்கிறது. கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அந்த வரியைப் பார்த்ததுமே விலகிவிடுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியைத் தொலைபேசியில் நிறுவிக்கொள்ளுங்கள். அதில் பொருளைப் படத்தோடும் விலையோடும் வைக்கும் கட்டலொக் வசதியும், ஒருமுறை எழுதிவைத்த பதிலை மீண்டும் மீண்டும் அனுப்பும் வசதியும், வாடிக்கையாளர்களை வகைப்படுத்த லேபிள்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் எழுதிவைக்கும் முதற்பதில், கேட்பவர் அடுத்துக் கேட்கப்போகும் எல்லாவற்றுக்கும் விடை தருவதாக இருக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்றைத் தருகிறேன். தொகைகளை உங்கள் கணக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"வணக்கம். தலை நீக்கிய நெத்தலிக் கருவாடு 500 கிராம் 900 ரூபாய், தபாற்செலவு 350 ரூபாய். மணம் வெளியே வராதபடி இரண்டு உறைகளில் பொதி செய்து அனுப்புவோம். வங்கியில் வைப்பிலிட்டுச் சிட்டையின் படத்தை அனுப்பினால் மறுநாள் காலையில் தபாலில் சேர்ப்போம். உங்கள் பெயரையும் முகவரியையும் அனுப்பிவையுங்கள்."

மணத்தைப் பற்றிய அந்த ஒரு வசனம் அவசியமானது. அலுவலக முகவரிக்குக் கருவாடு வரவழைப்பவர் முதலில் அஞ்சுவது அதற்குத்தான், ஆனால் அதை வாய்விட்டுக் கேட்கமாட்டார். உங்கள் பொருள் எதுவாக இருந்தாலும், வாங்குபவர் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று அதற்குள் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, அவர் கேட்கும் முன்னரே விடை சொல்லுங்கள்.

இரண்டாம் படி: தொலைபேசி இலக்கத்துக்கு ஈடாக ஒரு பயன்

இன்று பார்ப்பவர் இன்றே வாங்கமாட்டார். அவரை மறுபடி சந்திக்க ஒரு வழி இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல படம் போட்டாலும் அது கடலில் கரைத்த உப்புத்தான். ஆகவே அவருக்குப் பயன்படும் ஒன்றை இலவசமாகக் கொடுத்து, அவருடைய இலக்கத்தை அனுமதியோடு பெற்றுக்கொள்ள வேண்டும். கழிவு விலை தருவதாகச் சொல்வதைவிட அறிவைக் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து, ஏனென்றால் கழிவுக்காக வந்தவர் அதைவிடக் கூடிய கழிவு கிடைக்கும் இடத்துக்குப் போய்விடுவார்.

நாங்கள் கொடுப்பது "நல்ல கருவாட்டை அறிவது எப்படி" என்ற ஒரு பக்கக் குறிப்பு. அமர்த்திப் பார்த்தால் விரல் பதியக் கூடாது என்பதும், இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் அது உப்பில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை, வாங்க வேண்டாம் என்பதும், சமைக்கும் முன் வெந்நீரில் ஊறவைத்து நீரை மாற்றினால் உப்புக் குறையும் என்பதும் அதில் இருக்கின்றன. வேறொரு கடையில் வாங்கினாலும் அந்தக் குறிப்பு அவருக்கு உதவும். அதனாலேயே அவர் நம்மை நம்புகிறார். நிலாவெளியில் தங்குமிடம் நடத்துபவராக இருந்தால், புறாத்தீவுக்கு எந்த மாதங்களில் போகலாம், எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்ற குறிப்பு இதே வேலையைச் செய்யும்.

குறிப்பை அனுப்பும்போது, தொடர்ந்து செய்தி அனுப்பலாமா என்று கேட்டு, "ஆம்" என்று பதில் வந்தவரை மட்டும் பட்டியலில் சேருங்கள். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் ஒருவருடைய இலக்கத்தை அவர் அனுமதியின்றிப் பயன்படுத்துவது முறையன்று. உங்கள் இலக்கத்தை அவருடைய தொலைபேசியில் சேமித்துக்கொள்ளும்படியும் கேளுங்கள். உங்கள் இலக்கத்தைச் சேமிக்காதவருக்கு வட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியல் (ஒரே செய்தியைப் பலருக்கு ஒரே தடவையில் அனுப்பும் வசதி) வழியாக அனுப்பும் செய்தி போய்ச் சேராது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மூன்றாம் படி: தொந்தரவில்லாத தொடர்பு

பத்து நாட்களுக்குள் மூன்று செய்திகள் போதும். முதலாவதில் உங்கள் வேலையைக் காட்டுங்கள்: வறண்ட கச்சான் காற்று வீசும் நாளில், தரையிலிருந்து உயர்த்திய வலைத்தட்டில் சின்னம்மா மீனைப் புரட்டிப் போடும் படம் ஒன்று, கீழே இரண்டு வரிகள். இரண்டாவதில் ஒரு சமையற் குறிப்பை அனுப்புங்கள். மூன்றாவதில் மட்டும் வாங்கும்படி நேரடியாகக் கேளுங்கள், அதையும் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். காலை வணக்கப் படங்கள் வேண்டவே வேண்டாம்.

நான்காம் படி: மேல்வாயைத் திறத்தல்

கீழே எல்லாம் ஆயத்தமான பின்னரே பலருக்குக் காட்டத் தொடங்குங்கள். ஊரைவிட்டுக் கொழும்பிலும் வெளிநாட்டிலும் வாழ்கிறவர்கள் கூடும் பேஸ்புக் குழுக்கள் நல்ல தொடக்கம். ஒவ்வொரு பதிவும் அந்த இலவசக் குறிப்பை நோக்கி மட்டுமே கையைக் காட்டட்டும்.

ஐந்தாம் படி: எண்ணிப் பார்த்தல்

ஒரு கொப்பியில் மாதத்துக்கு மூன்று எண்களை எழுதுங்கள்: எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள். 600 பேர் பார்த்து, 30 பேர் கேட்டு, 3 பேர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையை 6 ஆக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விளம்பரத்துக்குப் பணம் கொடுத்து மேலும் 600 பேருக்குக் காட்டுவது. மற்றது, கேட்ட 30 பேரில் 27 பேர் ஏன் வாங்காமல் போனார்கள் என்று அந்த உரையாடல்களைத் திரும்பப் படித்து, அவர்களில் இன்னும் மூன்று பேருக்குத் தடையாக இருந்ததை நீக்குவது. இரண்டாவது வழிக்கு ஒரு மாலைப்பொழுது போதும். பதில் பிந்தியதா, தபாற்செலவைக் கேட்டதும் பேச்சு நின்றதா, பணம் கட்டும் வழி புரியவில்லையா என்பது அந்தச் செய்திகளிலேயே எழுதியிருக்கும்.

வாங்கியவரைப் புனலின் முடிவு என்று எண்ணிவிடாதீர்கள். பொதி கிடைத்ததா என்று ஒரு வாரத்தில் கேளுங்கள். குறை சொன்னால் ஈடு செய்யுங்கள். கார்த்திகை மழை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் எங்கள் பக்கத்தில் மீன் காயவைக்க வெயில் இராது. அதனால் ஐப்பசியிலேயே, ஏற்கனவே வாங்கியவர்களுக்கு மட்டும், கையிருப்பில் எவ்வளவு இருக்கிறது என்று தனித்தனியாக எழுதுகிறோம். சின்னம்மாவின் கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உப்புக் குறைவு, சிறியது, தலையோடு என்று ஒரு குறிப்பு இருக்கிறது. செய்தி அந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்கும்.