டிபீவரை எலாஸ்டிக்சர்ச்சுடன் இணைக்கும் முறை

எலாஸ்டிக்சர்ச் அடிப்படையில் ஜேசன் வடிவக் கேள்விகளுக்குப் பதிலளிக்கும் தேடுபொறி என்றாலும், 2018இல் வெளியான 6.3ஆம் பதிப்பு முதல் தரவுத்தளக் கேள்வி மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதிய கேள்விகளையும் ஏற்கிறது. ஆகவே, மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளங்களுக்கு நாம் பயன்படுத்தும் டிபீவர் என்னும் மென்பொருளிலேயே அதன் இண்டெக்ஸ்களை (தரவுத் தொகுப்புகளை) அட்டவணைகளாகத் திறந்து பார்க்கலாம். இணைப்பை அமைப்பது சிறிய வேலைதான். லைசென்ஸ், பதிப்பு, சான்றிதழ் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

முதலில் லைசென்ஸ். இலவச அடிப்படை லைசென்ஸில் எஸ்க்யூஎல் கேள்விகளை எச்டிடிபி வழியாக அனுப்பலாம். ஜாவா மென்பொருள்களைத் தரவுத்தளத்துடன் இணைப்பதும் டிபீவர் நம்பியிருப்பதுமான ஜேடிபிசி டிரைவர் வழியாக அனுப்ப இயலாது. அதற்கு பிளாட்டினம் அல்லது அதற்கு மேற்பட்ட லைசென்ஸ் தேவை. பழகிப் பார்க்க விரும்புவோர், எலாஸ்டிக்சர்ச்சின் இணைய இடைமுகமான கிபானாவின் லைசென்ஸ் மேலாண்மைப் பக்கத்தில் 30 நாள் சோதனைக் காலத்தைத் தொடங்கிக்கொள்ளலாம். இந்த ஒன்றை அறியாமல் கடவுச்சொல்லையும் ஃபயர்வாலையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

அடுத்து, உலாவியில் சர்வரின் முகவரியை 9200 என்ற போர்ட்டுடன் திறந்தால், வரும் பதிலிலேயே பதிப்பு எண் இருக்கும். டிரைவரின் பதிப்பு சர்வரின் பதிப்பைவிடப் புதியதாக இருக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாக இருப்பதே நல்லது. டிபீவர் தானாகப் பதிவிறக்கும் டிரைவர் பொருந்தாவிட்டால், டிரைவர் அமைப்புகளில் லைப்ரரிகள் பகுதிக்குச் சென்று அதை நீக்கி, சரியான பதிப்பின் டிரைவர் அடங்கிய ஜார் கோப்பைச் சேர்க்க வேண்டும். எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து 2021இல் பிரிந்து சென்ற ஓப்பன்சர்ச் என்னும் தேடுபொறிக்கு அதற்கென உள்ள தனி டிரைவரையே பயன்படுத்த வேண்டும்.

இனி, டிபீவரில் புதிய இணைப்பைத் தொடங்கி, பட்டியலில் எலாஸ்டிக்சர்ச்சைத் தேர்ந்து, சர்வர் பெயர், போர்ட், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை நிரப்புங்கள். 9300 என்பது கிளஸ்டரின் (ஒன்றாக இயங்கும் சர்வர் குழுவின்) நோடுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் போர்ட். அதைக் கொடுத்தால் இணைப்பு கிடைக்காது.

எட்டாம் பதிப்பு முதல் பாதுகாப்பு வசதி நிறுவும்போதே இயங்கத் தொடங்கிவிடுவதாலும், சர்வர் தனக்குத்தானே உருவாக்கிக்கொண்ட சான்றிதழை ஜாவா நம்பாததாலும், பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். சர்வரின் அமைப்புக் கோப்புறைக்குள் இருக்கும் சிஏ சான்றிதழை (சர்வரின் சான்றிதழுக்கு ஒப்பமிட்ட மூலச் சான்றிதழை) எடுத்து, ஜாவாவுடன் வரும் கீடூல் கருவியால் ஜாவா நம்ப வேண்டிய சான்றிதழ்களை வைக்கும் ஒரு டிரஸ்ட்ஸ்டோர் கோப்பில் சேர்த்து, டிரைவர் பண்புகளில் எஸ்எஸ்எல் மதிப்பை மெய் என மாற்றி, டிரஸ்ட்ஸ்டோரின் இருப்பிடத்தையும் அதன் கடவுச்சொல்லையும் உரிய பண்புகளில் எழுதுங்கள். பிறகு இணைப்பைச் சோதிக்கும் பொத்தானை அழுத்தலாம். அன்றாட வேலைக்கு எலாஸ்டிக் என்னும் தலைமைப் பயனரைக் கொடுக்காமல், தேவையான இண்டெக்ஸ்களை வாசிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு பயனரை உருவாக்கிக்கொள்வது முறை.

இணைந்த பின், பெயரில் இடைக்கோடு உள்ள இண்டெக்ஸ்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் எழுதினால்தான் கேள்வி ஓடும். இந்த எஸ்க்யூஎல் வாசிப்பதற்கு மட்டுமே உரியது என்பதால் கட்டங்களில் மதிப்பை மாற்றிச் சேமிக்க முடியாது. இரு இண்டெக்ஸ்களை ஒரே கேள்வியில் ஜாயின் செய்யவும் (பொதுப் புலத்தால் இணைக்கவும்) இயலாது.