புரட்சியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பெரம்பூர் பக்கம் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை படிப்பு வட்டத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் பேசினால், எங்கள் பழைய பேச்சே ஒலிபெருக்கியில் திரும்பி வருவது போல இருக்கிறது. ஆயுதப் புரட்சி சாமானியர் கையில் அதிகாரத்தைத் தருமா என்பதுதான் எப்போதும் தலைப்பு. வருஷத்தையும் பெயரையும் மாற்றிச் சொல்வதெல்லாம் போகட்டும், படிக்கப் படிக்கச் சரியாகிவிடும். கீழே உள்ளவை அப்படிச் சரியாவதில்லை.

கோட்டை விழுந்த நாளோடு கதையை முடிப்பது

இதற்குத்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. சமீபத்தில் ஒரு தம்பி பாரிஸில் பாஸ்டில் கோட்டைச் சிறை தகர்ந்ததை உணர்ச்சி பொங்கப் பேசினான். 1789 ஜூலை 14, கூட்டம், பீரங்கி, எல்லாம் சரி. பின்வரிசையில் இருந்த பழைய மில் தொழிலாளி ஒருவர், "அப்புறம் அவங்க சங்கம் வச்சாங்களாப்பா?" என்றார். தம்பி முழித்தான்.

வைக்க விடவில்லை. கோட்டையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் தச்சர், பூட்டுத் தொழிலாளி போன்ற கைத்தொழிலாளர்கள். 1791-இல் பாரிஸ் தச்சர்கள் கூலியை உயர்த்தக் கேட்டபோது, அதே புரட்சியின் சட்டமன்றம் லெ ஷாப்லியே சட்டத்தைக் கொண்டுவந்து தொழிலாளர்கள் ஒன்றுகூடுவதைத் தடை செய்தது. வேலைநிறுத்தம் குற்றமில்லை என்றாக 1864 வரையிலும், சங்கத்துக்குச் சட்ட அனுமதி கிடைக்க 1884 வரையிலும் காத்திருந்தார்கள்.

ரஷ்யாவிலும் 1917-இல் ஆலைக் குழுக்களைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்தார்கள். உள்நாட்டுப் போர் வந்தது. உத்தரவு போடுகிற அமைப்பு கெட்டிப்பட்டது. ஆலைகள் ஒற்றை நிர்வாகியின் கைக்குப் போயின. 1921 மார்ச்சில், புரட்சி வெடித்த பெட்ரோகிராட் நகருக்கு அருகே இருந்த கிரான்ஸ்டாட் கடற்படைத் தளத்தின் மாலுமிகள் சோவியத்துகள் என்ற மக்கள் மன்றங்களுக்கு ரகசிய வாக்கெடுப்பில் புதுத் தேர்தல் கேட்டார்கள். உறைந்த கடலைக் கடந்து வந்து அவர்களை அடக்கியது புரட்சி அரசின் செம்படை. அதே மாதம் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் தனி அணிகளுக்கும் தடை வந்தது.

ஆகவே யார் விழுந்தார் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஐந்து வருஷம் கழித்து, மேலே இருப்பவரை இறக்க யாரால் முடிந்தது, கூலியை யார் முடிவு செய்தார் என்று கேளுங்கள்.

எதுவுமே மாறவில்லை என்று எதிர்ப்பக்கம் தாவுவது

ஹைட்டியில் அடிமைகள் ஆயுதம் ஏந்தி 1804-இல் தனி நாடு கண்டார்கள். அங்கே அடிமை முறை ஒழிந்தது, பிறகு திரும்பவில்லை. அது சின்ன விஷயமா? ஆனால் 1826-இல் அந்த நாட்டின் சொந்தச் சட்டமே விவசாயக் கூலிகளைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தலைவர் படத்தை மாட்டிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது

வேண்டாம்.

53க்கு 26 என்று முழங்குவது

எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் இருவரும் 1900 முதல் 2006 வரையிலான 323 போராட்டங்களை ஆராய்ந்தார்கள். ஆயுதமில்லாதவற்றில் 53 சதவீதமும், ஆயுதம் ஏந்தியவற்றில் 26 சதவீதமும் வென்றன. அறிவித்த இலக்கை எட்டியதா என்ற கணக்கு அது. ஆட்சி மாறிய பிறகு ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்கு என்ன கிடைத்தது என்பதை அந்த இரண்டு எண்களில் தேடாதீர்கள்.

புளியந்தோப்பைத் தாண்டிப் பெட்ரோகிராடுக்குப் போவது

1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்தப் பக்கத்து மில் தொழிலாளர்களிடையேதான். 1921-இல் பின்னி மில் போராட்டம் சாதியில் உடைந்து, புளியந்தோப்பில் தொழிலாளிகளே ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். யார் வேலைக்குத் திரும்பினார்கள், ஏன் திரும்பினார்கள் என்பதை முதலில் படித்துவிட்டு வாருங்கள்.