பெரிய நாட்டின் படை எல்லை தாண்டும்போது சொல்லப்படும் காரணத்தைச் சோதிக்கும் முறை

ஒரு வல்லரசின் படை அண்டையிலுள்ள சிறிய நாட்டுக்குள் நுழைந்துவிட்டது என்ற செய்தி வந்த சில மணி நேரத்துக்குள், அதற்கான காரணமும் வந்து சேர்ந்துவிடுகிறது. எங்களைத் தற்காத்துக்கொள்கிறோம், அந்த நாட்டவரே எங்களை அழைத்தார்கள், அங்குள்ள எங்கள் மக்களைக் காப்பாற்றப் போகிறோம் என்பவற்றுள் ஒன்றாகவோ இவை சேர்ந்த கலவையாகவோ அது இருக்கும். பெரும்பாலோர் அந்தக் காரணத்தை ஆராய்வதில்லை. அந்த வல்லரசு தமக்குப் பிடித்ததா பிடிக்காததா என்பதை வைத்தே ஏற்கிறார்கள் அல்லது தள்ளுகிறார்கள். குண்டு விழும் ஊரில் இருப்பவர்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச நியாயம், அந்தக் காரணத்தைப் பொறுமையாகச் சோதிப்பதுதான். அதற்கு ஒரு நோட்டும், ஒரு நிலப்படமும், தேதிகளை வரிசையாக எழுதும் பழக்கமும் போதும்.

அளவுகோலை முதலில் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். 1945-இல் உருவான ஐ.நா. சாசனத்தின் 2-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, எந்த நாடும் இன்னொரு நாட்டின் நிலப்பரப்பு ஒருமைப்பாட்டுக்கோ அரசியல் சுதந்திரத்துக்கோ எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது, அப்படி மிரட்டவும் கூடாது என்கிறது. விலக்குகள் இரண்டே. ஒன்று, பாதுகாப்பு சபையின் அனுமதி. மற்றொன்று, 51-ஆம் பிரிவு கூறும் தற்காப்பு. அதுவும் ஆயுதத் தாக்குதல் நடந்திருந்தால்தான் பொருந்தும், எடுத்த நடவடிக்கையை உடனே பாதுகாப்பு சபைக்குத் தெரிவிக்கவும் வேண்டும். ஆகவே தற்காப்பு என்று கேட்டவுடன், யார் தாக்கினார்கள், எப்போது, எங்கே, திருப்பி அடித்த அளவு அதற்கு ஈடானதா என்ற கேள்விகளை நோட்டில் எழுதி, அவற்றுக்கு எதிரே இடம் விட்டு வையுங்கள்.

அடுத்து தேதிகள். படை நுழைந்த நாளிலிருந்து பின்னோக்கி இரண்டு மாதங்களுக்காவது நடந்தவற்றை நாள்வாரியாக எழுதுங்கள். இந்த ஒரு வேலையே பாதி உண்மையை வெளியே கொண்டுவந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். 1939-இல் சோவியத் ஒன்றியம் பின்லாந்தைத் தாக்கியதை எடுத்துக்கொள்வோம். நவம்பர் 26 அன்று, எல்லையோரச் சோவியத் கிராமமான மைனிலாவில் ஏழு பீரங்கிக் குண்டுகள் விழுந்து நான்கு வீரர்கள் இறந்ததாகவும், சுட்டது பின்லாந்து என்றும் மாஸ்கோ அறிவித்தது. பின்லாந்துப் படை எல்லையிலிருந்து 20 முதல் 25 கிலோமீட்டர் பின்வாங்க வேண்டும் என்றும் கோரியது. பின்லாந்தோ, அந்தக் குண்டுகள் சோவியத் பக்கமிருந்தே சுடப்பட்டதாகத் தன் எல்லைக் காவலர்கள் கவனித்துப் பதிவு செய்திருப்பதாகக் கூறி, இரு தரப்பும் சேர்ந்து விசாரிக்கலாம், இரு படைகளும் பின்வாங்குவதைப் பற்றியும் பேசலாம் என்று பதில் அனுப்பியது. 28-ஆம் தேதி மாஸ்கோ 1932-ஆம் ஆண்டின் போர் தவிர்ப்பு ஒப்பந்தத்தை முறித்தது. 30-ஆம் தேதி ஹெல்சின்கி மீது குண்டு விழுந்தது.

இந்தத் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கும்போது இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். கூட்டு விசாரணையைக் கேட்டது குற்றம் சாட்டப்பட்ட தரப்பு. அதை மறுத்தது பாதிக்கப்பட்டதாகச் சொன்ன தரப்பு. மேலும், எல்லை நெடுகப் பெரும் படை நான்கு நாட்களில் தயாராகிவிடாது. அந்த ஏழு குண்டுகளுக்கு முன்பே ஆயத்தம் நடந்திருக்க வேண்டும். எந்தப் போரிலும், படைக்குவிப்பு எப்போது தொடங்கியது என்பதையும், காரணமாகக் காட்டப்படும் சம்பவம் எப்போது நடந்தது என்பதையும் அருகருகே எழுதுங்கள்.

அதே பக்கத்தில் இன்னொரு பத்தியைத் திறந்து, சம்பவத்துக்கு முன் பெரிய நாடு என்னென்ன கேட்டுக்கொண்டிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1939 அக்டோபரிலேயே சோவியத் ஒன்றியம் லெனின்கிராடுக்கு அருகிலிருந்த எல்லையைத் தள்ளிவைக்கவும், ஹாங்கோ துறைமுகப் பகுதியை 30 ஆண்டு குத்தகைக்குத் தரவும் கோரியிருந்தது. பதிலுக்கு வேறிடத்தில் நிலம் தருவதாகவும் சொல்லியிருந்தது. 1940 மார்ச்சில் கையெழுத்தான அமைதி உடன்படிக்கையில் ஹாங்கோ குத்தகைக்குப் போனது. லெனின்கிராடுக்கு வடமேற்கே உள்ள கரேலியா நிலக்கழுத்து முழுவதும், விபுரி நகரம் உட்பட, சோவியத் கைக்கு மாறியது. நான்கு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வீடுவாசலை விட்டுப் பின்லாந்தின் உட்பகுதிகளுக்குப் போனார்கள். முன்பு கேட்டதும், அதற்கு மேலும், பின்பு எடுத்துக்கொள்ளப்பட்டால், நடுவில் நடந்த எல்லைச் சம்பவத்துக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

அழைத்ததால் வந்தோம் என்ற காரணத்தைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது சில சமயங்களில் உண்மையாகவும் இருக்கும். சட்டப்படியான அரசு உதவி கேட்டால் வெளிநாட்டுப் படை வருவது குற்றமல்ல. அழைத்தவர் யார், அவருக்கு அந்த அதிகாரம் உண்டா, அழைப்பு படை நுழையும் முன்பே பகிரங்கமாக வந்ததா, அந்த நாட்டின் அதிபரும் நாடாளுமன்றமும் அதை உறுதிப்படுத்துகிறார்களா என்று கேளுங்கள். 1968 ஆகஸ்ட் 20 இரவு சோவியத் தலைமையிலான இராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தபோது, அந்நாட்டின் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி, அரசுத் தலைவர்கள் உதவி கேட்டதாகச் சோவியத் செய்தி நிறுவனம் அறிவித்தது. ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை. தலைநகர் பிராகிலிருந்த கட்சித் தலைமையோ, குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் நாடாளுமன்றத்துக்கும் தெரியாமல் படை வந்திருக்கிறது என்று அதே இரவில் அறிக்கை விட்டது. 1983 அக்டோபர் 25 அன்று அமெரிக்கா கிரெனடாவில் படையை இறக்கியபோது, அந்நாட்டில் பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதியாக இருந்த கவர்னர் ஜெனரல் உதவி கேட்டது ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. அவருடைய கடிதம் உண்மையில் எந்த நாளில் கையெழுத்தானது என்பது பின்னர் பெரும் சர்ச்சையானது. பெயரில்லாத அழைப்பையும், தேதி தெளிவாக இல்லாத அழைப்பையும் சந்தேகப் பத்தியில்தான் எழுத வேண்டும்.

அழைப்பவரையே உருவாக்கிக்கொள்வதும் உண்டு. பின்லாந்துப் போர் தொடங்கிய மறுநாள், பல ஆண்டுகளாக மாஸ்கோவில் வாழ்ந்துவந்த ஓட்டோ குசினன் தலைமையில் ஒரு 'பின்லாந்து அரசு' அறிவிக்கப்பட்டது. அதனுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, நாங்கள் பின்லாந்துடன் போரிலேயே இல்லை என்று மாஸ்கோ சொன்னது. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, உள்ளூர்ப் புரட்சியாளர்களுக்கு உதவவே வந்ததாகச் சொல்லி ஒரு தற்காலிக அரசை நிறுவியது. ஆறே நாளில் குவைத்தைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2022-இல் ரஷ்யா பிப்ரவரி 21 அன்று கிழக்கு உக்ரைனின் டோனெட்ஸ்க், லுகான்ஸ்க் பகுதிகளைத் தனி நாடுகளாக அங்கீகரித்து, அவற்றின் கோரிக்கையைக் காட்டி 24-ஆம் தேதி உக்ரைனுக்குள் படையை அனுப்பியது. செப்டம்பர் 30 அன்று அவ்விரண்டையும் வேறு இரு மாகாணங்களையும் தனதாக அறிவித்தது. ஆகவே அழைத்தவருக்குப் பின்னால் என்ன ஆனது என்பதையும் தொடர்ந்து பாருங்கள்.

சொந்த மக்களைக் காப்பாற்றப் போனோம் என்றால் நிலப்படத்தை எடுங்கள். காப்பாற்றப்பட வேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்கள், படை எங்கே போய் நின்றது, அவர்கள் பத்திரமான பிறகு எவ்வளவு நாள் தங்கியது என்று குறித்தாலே விடை கிடைத்துவிடும்.

இங்கே ஒரு சிக்கலையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சிறிய நாடு எப்போதும் குற்றமற்றதாக இருக்காது. 2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடந்த போரை ஆராய ஐரோப்பிய ஒன்றியம் ஹைடி டல்யாவினி தலைமையில் அமைத்த குழு, ஆகஸ்ட் 7 இரவில் ஜார்ஜியா, தன்னிடமிருந்து பிரிந்து நின்ற தெற்கு ஒசேட்டியாவின் தலைநகரான ட்ஸ்கின்வாலியைக் குண்டுவீசித் தாக்கியதைச் சர்வதேசச் சட்டப்படி நியாயப்படுத்த முடியாது என்று கூறியது. அதே அறிக்கை, ரஷ்யாவின் பதில் நடவடிக்கை தற்காப்பின் நியாயமான எல்லையை வெகுவாகத் தாண்டிவிட்டது என்றும் கூறியது. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். சிறிய நாட்டின் தவறு ஒரு குறிப்பிட்ட பதிலை நியாயப்படுத்தலாம். அந்த நாட்டையே எடுத்துக்கொள்வதை நியாயப்படுத்தாது. ஆக்கிரமிப்பை வரையறுத்து ஐ.நா. பொதுச்சபை 1974-இல் நிறைவேற்றிய 3314-ஆம் தீர்மானம், அரசியல், பொருளாதார, இராணுவக் காரணங்கள் எதுவும் ஆக்கிரமிப்புக்குச் சமாதானம் ஆகாது என்று சொல்வது இதற்காகத்தான்.

பின்னர் வாக்கெடுப்புகளைப் பாருங்கள். பாதுகாப்பு சபை கண்டிக்கவில்லை என்பதைக் குற்றமில்லை என்பதற்கு ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். படை அனுப்பிய நாட்டின் கையிலேயே வீட்டோ, அதாவது தீர்மானத்தைத் தனியாகவே தடுத்துவிடும் அதிகாரம், இருக்கலாம். கிரெனடா தீர்மானத்துக்கு 1983-இல் 11 நாடுகள் ஆதரவு, 3 நாடுகள் நடுநிலை, அமெரிக்காவின் வீட்டோ. உக்ரைன் தீர்மானத்துக்கு 2022 பிப்ரவரி 25 அன்று 11 நாடுகள் ஆதரவு, 3 நாடுகள் நடுநிலை, ரஷ்யாவின் வீட்டோ. வீட்டோ இல்லாத பொதுச்சபையில் கண்டனத் தீர்மானங்கள் முறையே 108-க்கு 9 என்றும், 141-க்கு 5 என்றும் நிறைவேறின. இந்த இரு கணக்குகளையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே மாதிரி உங்களால் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒன்றில் மனம் சமாதானம் தேடினால், அந்த இடத்தில் உங்கள் சோதனை இன்னும் முடியவில்லை.

செய்தியிலுள்ள பெயர்ச்சொற்களையும் மாற்றி எழுதிப் பாருங்கள். 'சிறப்பு நடவடிக்கை', 'எதிர்த்தாக்குதல்', 'அமைதி காப்பு' என்று வரும் இடமெல்லாம் 'படை நுழைந்தது' என்று எழுதினால் வாக்கியம் தாங்குகிறதா என்பது தெரிந்துவிடும். முதல் வாரத்தில் இரு தரப்பும் தரும் உயிரிழப்பு எண்ணிக்கைகளை மட்டும் பென்சிலால் எழுதுங்கள்.

கடைசியாக, நோட்டை மூடிவிடாதீர்கள். ஜார்ஜியா அறிக்கை போர் முடிந்து ஓராண்டுக்கு மேல் கழித்தே வந்தது. பிராகுக்கு வந்த படையை அழைத்ததாகச் சொல்லப்பட்ட கடிதம், செக்கோஸ்லோவாக்கியக் கட்சித் தலைவர்கள் ஐந்து பேரின் கையெழுத்துடன், 1992-இல் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் அதைச் செக்கோஸ்லோவாக்கிய அதிபர் ஹாவெலிடம் ஒப்படைத்தபோதுதான் வெளியே தெரிந்தது. அந்த ஐந்து பெயர்களுக்காக 24 ஆண்டுகள் காலியாக இருந்த இடத்தைப் போல, உங்கள் பக்கத்திலும் சில வரிகளைக் காலியாகவே விட்டு வையுங்கள்.