பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒலிப்பதிவு: முட்டை அட்டையை விட்டுவிட்டு இப்படித் தொடங்குங்கள்

வீட்டில் ஓர் அறையை ஒலிப்பதிவுக்கு ஒதுக்கப் போகிறேன் என்று கொங்குப் பக்கம் யாரிடம் சொன்னாலும் முதலில் வருவது "முட்டை அட்டை ஒட்டிருங்க" என்ற யோசனைதான். நாமக்கல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அட்டைக்கு என்ன பஞ்சம்? தயவுசெய்து ஒட்டாதீர்கள். அது வெறும் காகிதக் கூழ். கீச்சென்று வரும் மேல் ஒலியை மட்டும் கொஞ்சம் மழுக்கும். ஆண் குரலின் அடிப்பகுதி, தவில், உடுக்கை இதெல்லாம் அட்டையைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதி அப்படியே திரும்பி வரும். நாலு சுவரிலும் காய்ந்த காகிதம் இருக்கும் அறையில் ஒரு வயர் சூடானால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

சோமனூர் பக்கம் எங்கள் வீட்டு மாடி அறையில் நான் முதலில் செய்ததும் கிட்டத்தட்ட இதே தப்புதான். ஒரு அங்குல ஃபோம் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினேன். கைதட்டினால் எதிரொலி இல்லை. ஆனால் பதிவு செய்த குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. காரணம் எளிது. ஒலி நொடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது. 1,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 1,000 அதிர்வு) ஒலியின் ஓர் அலை ஓரடிக்குச் சற்று மேல் நீளம். 100 ஹெர்ட்ஸ் என்றால் அலை 11 அடிக்கும் மேல். பதினோரு அடி அலைக்கு ஒரு அங்குல ஃபோம் எம்மாத்திரம்? மேல் ஒலி செத்துப்போய் அடி ஒலி மட்டும் அறைக்குள் உருண்டுகொண்டே இருந்தது. இனி நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்: சுவரில் எவ்வளவு இடத்தை மூடினோம் என்பதைவிட எவ்வளவு கனமாக, எந்த இடத்தில் வைத்தோம் என்பதே முக்கியம்.

முதல் படி: பைசா செலவில்லாமல் மேசையை நகர்த்துங்கள்

டேப்பை எடுத்து அறையை அளந்துகொள்ளுங்கள். 565-ஐ (1,130-இல் பாதி) அடிக்கணக்கில் உள்ள நீளத்தால் வகுத்தால், அந்த இரு சுவர்களுக்கு நடுவே எந்த ஒலி முதலில் தேங்கும் என்பது கிடைக்கும். 12 அடிக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்குச் சுமார் 56. நம் வீடுகளில் கான்கிரீட் கூரையும் பத்தடி உயரம்தான் இருக்கும். ஆக, 10 அடி அகலமும் 10 அடி உயரமும் ஒரே எண்ணில் வந்து விழுகின்றன. நீளமும் பத்தடியாக இருந்துவிட்டால் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து அந்த ஒரு சுரம் மட்டும் பூதம் போல எழும். வீட்டில் வேறு அறை இருந்தால் சதுர அறையைத் தவிர்த்துவிடுங்கள்.

அறையின் நீளவாக்கில் ஒலி ஓடும்படி, குட்டையான சுவரைப் பார்த்து உட்காருங்கள். எல்லோரும் மேசையைச் சுவரோடு ஒட்டிப் போடுவார்கள், அல்லது அறையின் நட்டநடுவில் உட்காருவார்கள். நடுவில் அந்த 47 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்டக் கேட்கவே கேட்காது. இல்லாத ஒலி என்று நினைத்து, பதிவுகளைக் கலந்து மிக்ஸ் செய்யும்போது அடி ஒலியை ஏற்றுவீர்கள். காரில் போட்டால் கதவு அதிரும். முன் சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதத்தில் காது இருக்கட்டும். 12 அடிக்கு அது சுமார் நாலரை அடி. அங்கிருந்து ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்ந்து கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் கதவு, ஜன்னலைப் பொறுத்து அறைக்கு அறை மாறும்.

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். இந்த அறைக்குப் பக்கத்துக்கு மூன்றரை அடி சரியாக வரும். ஸ்பீக்கர் முகம் முன் சுவரிலிருந்து ஒன்றரை அடி, பெட்டியில் மேல் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர் காது உயரத்தில். இடது சுவருக்கும் வலது சுவருக்கும் தூரம் ஒன்றாக இருக்கட்டும். ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் திறந்த கதவுமாக இருந்தால் பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாயும்.

அப்புறம் அந்த இரும்பு பீரோ. அடி ஒலிக்கு அதன் கதவு கிணுகிணுக்கும். முடிந்தால் வெளியேற்றுங்கள், முடியாவிட்டால் கதவு இடுக்கில் துணி வைத்து அடையுங்கள்.

இரண்டாம் படி: முகம் பார்க்கும் கண்ணாடி

நீங்கள் கேட்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். தலையை அசைக்காமல் பார்த்தபடி இருங்கள். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. எதிர்ப்பக்கச் சுவரிலும் இதேபோல. ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலிக்கு அடுத்து, அந்தக் கோட்டில் பட்டுத் திரும்பும் ஒலிதான் உங்கள் காதுக்கு வருகிறது. மேலே சொன்ன அளவுகளில் அது நேர் ஒலியைவிட ஐந்தடி அதிகம் சுற்றி, ஏறக்குறைய 5 மில்லிநொடி தாமதமாக வந்து சேரும். அந்த இடைவெளிக்குள் வருவதை மூளை தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்காது. இரண்டும் கலந்து சில சுரங்கள் கூடி, சில சுரங்கள் தேய்ந்துபோகும்.

கூரையிலும் இதே புள்ளி உண்டு, ஸ்பீக்கருக்கும் தலைக்கும் நடுவே. பக்கச் சுவர் இரண்டு, கூரை ஒன்று என்று இந்த மூன்று இடங்களுக்கும் முதலில் ஒலியை உறிஞ்சும் பஞ்சுப் பலகை செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாம் படி: பலகை செய்வது

ராக்வூல் (பாறையை உருக்கி இழுத்த நார்ப் பஞ்சு) வாங்குங்கள், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி போதும். சாயப்பட்டறை பாய்லருக்கும் நீராவிக் குழாய்க்கும் போர்த்துவது இதே பொருள்தான். அதனால் கோவை, ஈரோடு, திருப்பூரில் தொழிற்சாலைப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 2 அங்குலக் கனத்தில் துண்டுகளாக வரும். இரண்டை அடுக்கினால் 4 அங்குலம். இதற்கு நெருப்புப் பிடிக்காது என்பது பெரிய நிம்மதி. ஆனால் நார் தோலில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகக் கூடாது. மாஸ்க், கையுறை, முழுக்கைச் சட்டை போட்டு மொட்டை மாடியில் வைத்து வெட்டுங்கள்.

முக்கால் அங்குலக் கனம், நாலங்குல அகல மரப்பலகையில் ராக்வூல் துண்டு உள்ளே இறுக்கமாக உட்காரும் அளவுக்கு ஒரு சட்டம். மூலைகளில் எல் கிளாம்ப். பின்பக்கம் நைலான் கயிற்றைக் குறுக்கே இரண்டு மூன்று முறை இழுத்துக் கட்டினால் துண்டு பின்னால் நழுவாது.

மேலே போர்த்தும் துணிக்கு நாம் வெளியூர் போகவே வேண்டாம். பல்லடத்திலும் சோமனூரிலும் நெய்கிற காடா துணி (வெளுக்காத, சாயம் போடாத பருத்தித் துணி) அருமையான துணி. வாயில் வைத்து ஊதிப் பாருங்கள்; மூச்சு மறுபக்கம் தாராளமாக வந்தால் ஒலியும் போகும். ஆனால் தறியிலிருந்து வந்தபடியே போர்த்தினால் ஊதும்போது காற்று முட்டும். பாவுக்குக் கஞ்சி போட்டுத்தான் நெய்கிறார்கள், அந்தக் கஞ்சி இழைகளின் சந்தை அடைத்துக்கொண்டிருக்கும். ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காலையில் வெந்நீரில் அலசிக் காயப்போடுங்கள். தண்ணீர் வழவழவென்று வெளுப்பாக இறங்குவதைக் கையிலேயே உணரலாம். துணியும் சுருங்க வேண்டிய அளவு அப்போதே சுருங்கிவிடும். கஞ்சி போனதால் பூச்சியும் பூஞ்சையும் வருவது குறையும்.

துணியைத் தரையில் விரித்து, சட்டத்தை முகம் கீழாகக் கவிழ்த்து வையுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் ஒரு ஸ்டேப்ளர் பின், நேர் எதிர்ப்பக்கத்தின் நடுவில் துணியை இழுத்து ஒரு பின். மற்ற இரண்டு பக்கமும் அப்படியே. அதன்பிறகு நடுவிலிருந்து மூலைகளை நோக்கிப் போங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் துணி கோணலாகி, நெசவுக் கோடு வளைந்து தெரியும். கடைசியில் மூலைகளை மெத்தை விரிப்பு மடிப்பதுபோல மடித்து அடித்துவிடுங்கள்.

மாட்டும்போது சுவரோடு ஒட்ட வேண்டாம். பின்னால் மரக்கட்டை கொடுத்து 2 அங்குலம் காற்று விடுங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றுத் துகள் அசைய இடமே இருக்காது, பஞ்சு வேலை செய்வதோ காற்று அசையும் இடத்தில். தள்ளி வைத்தால் அதே பலகை இன்னும் கீழே உள்ள ஒலியையும் பிடிக்கும். கூரைப் பலகை சட்டத்தோடு ஐந்தாறு கிலோ வரும். ஆங்கர் போல்ட் அடித்துச் சங்கிலியில் தொங்கவிடுங்கள், கயிறு வேண்டாம். ஃபேன் இறக்கை தட்டாமல் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மூலைகள்

அடி ஒலி மூலையில்தான் அதிகமாகத் திரளும். ஏதாவது பாட்டை ஓடவிட்டு மூலையில் போய்த் தலையை வைத்துக் கேளுங்கள், புரியும். நாலங்குலப் பலகைகளை மூலைக்குக் குறுக்காக, பின்னால் முக்கோண இடைவெளி இருக்கும்படி, தரையிலிருந்து கூரைவரை நிறுத்துங்கள். முதலில் ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள இரண்டு மூலைகள். காசு கிடைக்கும்போது பின் மூலைகள்.

அதுவரை? பரணில் கிடக்கும் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டிக் கட்டிப் பின் மூலையில் நிறுத்துங்கள். திருப்பூர்ப் பக்கம் என்றால் பருத்திப் பனியன் வேஸ்டைச் சாக்கில் தளர்வாக அடைத்து அடுக்கலாம். நான் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன், அடி ஒலியின் உருட்டல் நன்றாகவே குறைந்தது. ஆனால் எலி வராமலும், பக்கத்தில் பிளக் பாயிண்ட் இல்லாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீதி இருக்கும் சுவரை அப்படியே விடுங்கள். எல்லாவற்றையும் மூடினால் பாடுகிறவருக்குத் தன் குரலே கேட்காத மாதிரி தொண்டை இறுகிவிடும். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒவ்வொரு பலகை மாட்டிய பிறகும் அதில் அளந்து பாருங்கள். எதிரொலி அடங்க சுமார் 0.3 நொடி ஆகிறது என்றால் இந்த அளவு அறைக்குப் போதும்.

ஐந்தாம் படி: பாடுகிறவர் எங்கே நிற்பது

பலர் மைக்குக்குப் பின்னால் மட்டும் பஞ்சு வைக்கிறார்கள். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கார்டியாய்டு மைக் முன்னால் வருவதைத்தான் நன்றாகக் கேட்கும், பின்பக்கம் அதற்குக் காது மந்தம். அது பார்த்துக்கொண்டிருப்பது பாடகரையும், அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். அதனால் பஞ்சு அங்கேதான் வேண்டும். பலகை இல்லாவிட்டால் பவானி ஜமுக்காளம் இரண்டை மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து அரையடி தள்ளிக் கொடியில் தொங்கவிடுங்கள். அடி ஒலிக்கு அது போதாது, குரலின் மேல்பகுதிக்கு நன்றாக உதவும். டைல்ஸ் தரையில் இன்னொன்றை விரியுங்கள்.

தறிச் சத்தம்

"இவ்வளவு பண்ணியும் பக்கத்துத் தறிச் சத்தம் கேக்குதுங்களே?" என்பதுதான் நம்மூரில் வரும் முதல் கேள்வி. கேட்கத்தான் செய்யும். பஞ்சுப் பலகை அறைக்குள் பிறக்கும் ஒலியை அடக்குவது, வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது அல்ல. தடுக்க எடை வேண்டும், இடுக்கில்லாத அடைப்பு வேண்டும். காற்று நுழையும் இடமெல்லாம் சத்தமும் நுழையும். கதவுச் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை, கதவடியில் பட்டை, உள்ளீடற்ற பிளஷ் கதவுக்குப் பதில் கெட்டியான கதவு, ஜன்னலுக்கு இரண்டாவது கண்ணாடி என்று போங்கள். பேச்சும் வண்டி ஹாரனும் நன்றாகக் குறையும். தரை வழியாக ஏறி வரும் தறியின் அதிர்வை அப்படி நிறுத்த முடியாது.

அதற்கு வழி சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டுத் தறிக்கார மாமா. "ஏனுங்க தம்பி, கரண்ட் நிறுத்தற அன்னிக்குப் பாடுனா ஆகாதுங்களா?" என்றார். மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் ஊரில் ஒரு தறியும் ஓடாது, ஃபேனும் மோட்டாரும் ஓடாது. அறிவிப்பு முன்கூட்டியே வந்துவிடும். முந்தின ராத்திரி லேப்டாப்பை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். மைக்கை லேப்டாப்போடு இணைக்கும், யூஎஸ்பியிலேயே ஓடும் சின்ன இன்டர்ஃபேஸ் பெட்டி, மைக்குக்கு வேண்டிய 48 வோல்டையும் கொடுத்துவிடும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, யாரும் பேசாமல் வெறும் அறையை முதலில் பத்து நொடி பதிவு செய்துகொள்ளுங்கள். பின்னால் இரைச்சல் நீக்க அது தேவைப்படும். ஃபேன் இல்லாததால் பாடுகிறவருக்கு வியர்க்கும், ஒரு துண்டும் சொம்புத் தண்ணீரும் எடுத்துவைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.