பயாப்சி ரிப்போர்ட்டை எங்கிருந்து படிப்பது?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலோ தென்காசியில் ஒரு தனியார் லேபிலோ சதைச் சோதனை ரிப்போர்ட்டை வாங்கியதும், வராண்டாவில் நின்றபடியே பாசிட்டிவா நெகட்டிவா என்று தேடாதீர்கள். முதலில் மேல் பகுதியைப் பாருங்கள். பெயர், வயது, சாம்பிள் எண், எடுத்த இடம், வலமா இடமா என எல்லாம் சரியாக இருக்க வேண்டும். தவறு இருந்தால் அன்றைக்கே லேபில் சொல்லித் திருத்தி வாங்குங்கள். அடுத்து நேராகக் கடைசிக்குப் போய், இம்ப்ரெஷன் அல்லது டயக்னோசிஸ் என்ற தலைப்பின் கீழுள்ள வரியைப் படியுங்கள். நடுவில் இருக்கும் நீண்ட மைக்ராஸ்கோப்பி பத்தி டாக்டருக்கானது.

அந்த வரியில் கார்சினோமா, மாலிக்னன்ட் என்று இருந்தால் புற்றுநோய். பினைன் என்றால் புற்று அல்ல. லீசன், மாஸ், நியோபிளாசம் என்பவை ஏதோ ஒன்று இருக்கிறது, வளர்ந்திருக்கிறது என்பதோடு நின்றுவிடும். அது நல்லதா கெட்டதா என்று சொல்லாது. வெற்றிலை புகையிலை போடுகிறவர்களின் வாயில் உள்ள வெள்ளைத் திட்டைச் சோதித்தால் டிஸ்பிளேசியா என்று வரலாம். அது இன்னும் புற்றாகவில்லை, ஆனால் மாறக்கூடும். சும்மா விடக் கூடாது.

அதிகம் ஏமாற்றும் சொல் இன்அடிகுவேட். எடுத்த சதையோ செல்லோ போதவில்லை என்பதே அதன் பொருள். ‘ஒண்ணுமில்லையாம்’ என்று சந்தோஷமாக ஊருக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். மாதங்கள் கழித்து கட்டி பெரிதாகித் திரும்பி வருகிறார்கள். மறு சாம்பிள் எடுத்தே ஆக வேண்டும். சஸ்பிஷியஸ் என்றாலும் அப்படித்தான்: சந்தேகம் பலமாக இருக்கிறது, உறுதியாகவில்லை. ஊசி போட்டு உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி.யில் செல்கள் மட்டுமே வரும் என்பதால், பல நேரம் அதற்குப் பிறகு பயாப்சியும் கேட்பார்கள். பணம் பிடுங்கத்தான் கேட்கிறார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம்.

கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. செல் எவ்வளவு முரடாக மாறியிருக்கிறது என்பது கிரேடு. நோய் உடம்பில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். ‘வெல் டிஃபரன்ஷியேட்டட்’ என்பதில் வெல் இருப்பதால் எல்லாம் நலம் என்று எண்ணிவிடக் கூடாது. அதுவும் புற்றுதான், சாதுவான கிரேடு. சிறு பயாப்சியை மட்டும் வைத்துப் பெரும்பாலும் ஸ்டேஜ் சொல்ல முடியாது, ஸ்கேனும் வேண்டும். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 4 என்று பார்த்துவிட்டு நான்காம் ஸ்டேஜ் என்று வீடே அழுவதுண்டு. அது சந்தேகத்தின் அளவு, அவ்வளவுதான். பயாப்சி செய்து பார்க்கச் சொல்கிறது.

இனி பாசிட்டிவ், நெகட்டிவ். எது பாசிட்டிவ் என்று கேட்காமல் பதில் இல்லை. ஆபரேஷனுக்குப் பின் மார்ஜின் நெகட்டிவ் என்றால் வெட்டிய ஓரத்தில் புற்று செல் இல்லை, நல்ல செய்தி. நோடு 0/14 என்றால் எடுத்துப் பார்த்த 14 நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) ஒன்றிலும் புற்று இல்லை. மார்பகப் புற்றில் இ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏற்பி) பாசிட்டிவ் என்பது பெரும்பாலும் சாதகமானது, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை வேலை செய்ய வாய்ப்பு அதிகம். புற்று செல்லில் ஹெர்2 என்ற புரதம் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனையில் 0, 1+ நெகட்டிவ், 3+ பாசிட்டிவ். 2+ வந்தால் முடிவாகவில்லை. ஃபிஷ் என்ற அடுத்த சோதனை தேவை.

ஸ்கேனில் பிராக்ரஷன் என்பது முன்னேற்றம் போலத் தோன்றும், நோய்தான் முன்னேறியிருக்கிறது. அன்ரிமார்க்கபிள் என்றால் அங்கே கோளாறு எதுவும் தெரியவில்லை.

சதையை நீங்களே லேபுக்கு எடுத்துப் போக நேர்ந்தால், பாட்டிலில் இருப்பது சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம்தானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சதையின் அளவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். சலைனில் (உப்புநீரில்) போட்டு அனுப்பினால் செல்கள் சிதைந்து, ரிப்போர்ட்டே வராமல் போகலாம்.

இரண்டாவது கருத்துக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்துக்கோ சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கோ போகிறவர்கள் பேப்பரை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். சாம்பிள் எண்ணைச் சொல்லி சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடையும் லேபில் கேளுங்கள். பிளாக்கை வெயில் அடிக்கும் கார் டேஷ்போர்டில் வைக்க வேண்டாம்; மெழுகு இளகிவிடும். ஸ்லைடு கண்ணாடி என்பதால் பெட்டியில் போட்டே கொண்டுபோங்கள்.