கொடுவாவுக்கு எண்ணெய் மாற்றியபோது: என் அனுபவம்
பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்று உப்புத்தண்ணியில் கொடுவா மீன் வளர்க்கிறேன். மீன் எண்ணெய் விலை ஏறியதும், தீவனத்தில் முழுக்கக் கடலை எண்ணெயைத் தடவிப் போட்டேன். அதுதான் தப்பு. தீவனம் தின்றும் வளர்த்தி இல்லை; வீச்சுவலையில் எடுத்துப் பார்த்தால் மெலிந்து கிடந்தது, மனசே ஆறவில்லை. கொடுவாவுக்கு மீன் எண்ணெயில் இருக்கும் நீள்சங்கிலி ஒமேகா-3 என்னும் கொழுப்புச் சத்து கட்டாயம் வேண்டும். ரோகு, திலாப்பியா மீன்களுக்கு இருப்பதுபோல் தாவரக் கொழுப்பிலிருந்து அதை உண்டாக்கிக்கொள்ளும் திறன் கொடுவாவுக்கு இல்லை; இருந்தாலும் மிகக் குறைவு. கடலை எண்ணெயிலோ ஒமேகா-3 கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

இப்போது பாதி மீன் எண்ணெய், பாதி ஆளிவிதை எண்ணெய். மூன்று வாரத்தில் மீன் பழையபடி பாய்ந்து வந்து தீவனம் எடுத்தது. ஒரு கிலோ தீவனத்துக்கு 20 மில்லி எண்ணெய், கையால் பிசறி நிழலில் அரைமணி நேரம் ஆறவைக்கிறேன். தீவன உருண்டையின் மினுமினுப்பு அடங்கணும். இல்லாவிட்டால் குளத்தில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். சிக்கு வாடை அடிக்கும் டின்னைத் தொடவே மாட்டேன். பிடிப்புக்கு முந்தைய மாதங்களில் மீன் எண்ணெய் மட்டும்தான்.